இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை வழக்கமாக நிலைப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி:
எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு உள்ளது; மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கும்போது மட்டும் தினமும் சோதிப்பதும், பார்த்து வந்த பிறகு குளுக்கோமீட்டரை அலமாரியில் வைத்துவிடுவதுமாகவே காலம் போகிறது. அலைபேசியில் அலாரம் வைத்தும் பலனில்லை. விரல் வலி ஒரு காரணம். எண் கூடுதலாக வந்தால் அன்று முழுவதும் மனம் சோர்ந்துபோவது அதைவிடப் பெரிய காரணம். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில் 1:
அலாரத்தை விட்டுவிட்டு, தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை மாத்திரைப் பெட்டிக்கு அருகிலேயே கருவி கண்ணில் படும்படி இருக்கட்டும். ஆனால் ஸ்ட்ரிப் (இரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டை) டப்பாவைக் குளியலறையிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். ஈரமும் வெப்பமும் பட்டால் அளவீடு பிழையாகும்.

பதில் 2:
வலியைப் பெருமளவு குறைக்கலாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள்; ஒவ்வொரு முறையும் விரலை மாற்றுங்கள்; ஊசிக் கருவியின் ஆழத்தைக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கிப் பாருங்கள்; லான்செட்டை (குத்தும் சிறு ஊசியை) புதிதாக மாற்றுங்கள், மழுங்கிய முனைதான் அதிகம் வலிக்கும். வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சற்று நேரம் கையைத் தொங்கவிட்டால் இரத்தம் எளிதாக வரும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதால், கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில் 3:
முதல் இருவரும் சொன்னவை தேவையே. ஆயினும், வந்த எண்ணைக்கொண்டு எதையும் முடிவு செய்யாதவரை எந்தப் பழக்கமும் ஓரிரு வாரங்களில் சலித்துவிடும் என்பது என் கருத்து. காலை வெறும் வயிற்று அளவை மட்டும் நாள்தோறும் குறித்துவந்தால், எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது தெரியவே தெரியாது. ஆகவே ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன் ஒரு முறையும், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள்; அடுத்த வாரம் வேறு வேளை. எதைச் சாப்பிட்டீர்கள், அதன் பின் நடந்தீர்களா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள். அப்போது கூடுதலாக வந்த எண் உங்களைக் குற்றம் சாட்டுவதாகத் தோன்றாது. எந்த உணவின் அளவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் தகவலாகிவிடும்.

பெரும்பாலான பெரியவர்களுக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 மி.கி. வரையும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும் (ஒரு டெசிலிட்டருக்கு) இலக்காகக் கொள்ளப்படுகிறது. வயது, பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும் என்பதால், உங்கள் இலக்கையும் எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஓர் ஐயம்: அடுத்தடுத்து இரு விரல்களில் பார்த்தபோது 148, 163 என வந்தது. கருவி பழுதா?

பதில் 3:
பழுது என்று சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பே, 100 மி.கி. முதல் அதற்கு மேற்பட்ட அளவுகளில், ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதம் வரையிலான விலகலை ஏற்கிறது. உங்கள் இரு எண்களும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கரைசலால் (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) கருவியைச் சரிபாருங்கள்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மருந்து. ஆகவே வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, தடுமாற்றம் தோன்றினால் அட்டவணையைப் பாராமல் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டிராமல் முதலில் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வாறு ஒரு முறை தாழ்ந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.