வாரச் சம்பளத்தில் நாலு காசு மிச்சம் பிடிப்பது எப்படி?

வேலம்பாளையம் அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூரில் தங்கிவிட்ட குடும்பம். அவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர், நான் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறேன், பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் சம்பளமும் கைக்கு வரும். கடைப் பாக்கியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, போனுக்கு ரீசார்ஜ் போட்டு, காய் வாங்கினால் புதன்கிழமைக்கெல்லாம் பர்ஸ் காலி. வியாழன், வெள்ளி திரும்பவும் தெருமுனைக் கடையில் நோட்டில் எழுதித்தான் சாமான் வாங்க வேண்டியிருக்கிறது. மாதம் பிறந்தால் வாடகைக்கு யாரிடமாவது கைமாற்று. கரண்டுக்கு வீட்டுக்காரர் தனி மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார்.

அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, வெட்டிச் செலவும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பணம் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. தேடிப் பார்த்தால் வெளியே ஓட்டலில் சாப்பிடாதே, ஏசியைக் குறைத்துப் போடு என்று மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லும் யோசனைதான் வருகிறது. எங்களைப் போல வாரக்கூலி வாங்கி, வாடகை வீட்டில் இருந்துகொண்டு மிச்சம் பிடித்தவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சாப்பாட்டில் கைவைக்கச் சொல்ல வேண்டாம், அதை மட்டும் நான் செய்ய மாட்டேன். டீ, வடை செலவை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து வாரத்துக்கு ஐந்நூறு ரூபாய் அதிலேயே போகிறது.

பல்லடம் ரோட்டு அக்கா எழுதியது:

அம்மணி, நீங்கள் எழுதியதைப் படித்தால் செலவு கூடுதலாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வரவு வாரக் கணக்கு, வாடகையும் கேஸும் மாதக் கணக்கு, பள்ளிக்கூட நோட்டு, செருப்பு, தீபாவளித் துணி எல்லாம் வருஷக் கணக்கு. இந்த மூன்றும் ஒரே பர்ஸில் கிடப்பதால்தான் புதன்கிழமை காலியாகிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு பேரும் கம்பெனி வேலைதான், நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சம்பளம் வந்ததும், கடைப் பாக்கிக்கும் முன்னால், வாடகையில் கால் பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். வாடகை 4,000 என்றால் 1,000. அதேபோல் கேஸுக்கும் கரண்டுக்கும் கால் பங்கு. தனி டப்பாவோ, அந்தப் பக்கம் போகாத ஒரு வங்கிக் கணக்கோ, எதுவானாலும் சரி, ஆனால் சமையலறையில் கைக்கு எட்டும் இடம் வேண்டாம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. மாதச் செலவை நாலாகப் பிரித்து வைத்தால் 48 சனிக்கிழமையிலேயே வருஷம் முழுக்க உள்ள வாடகை சேர்ந்துவிடும். மீதி நாலு சனிக்கிழமை எடுத்து வைப்பது முழுக்க உங்களுடையது. வாரம் 1,500 எடுத்து வைக்கிறீர்கள் என்றால் அந்த நாலு வாரமே 6,000 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு இந்த வசதி கிடையாது. ஐந்து சனிக்கிழமை வருகிற மாதங்களைக் காலண்டரில் இப்போதே சுழித்து வையுங்கள்.

முதல் ஐந்தாவது சனிக்கிழமைப் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடை நோட்டை அடைக்கக் கொடுங்கள். நோட்டில் வாங்கும்போது என்ன விலை என்று கேட்க வாய் வராது, எடைபோடும்போது தராசைப் பார்க்கவும் கூச்சமாக இருக்கும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, ஆபத்துக்குக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் கையில் காசு வைத்துக்கொண்டு போனால்தான் வேறு கடைக்கும் போக முடியும். அடுத்த ஐந்தாவது சனிக்கிழமையில் மளிகையை மொத்தமாக எடுங்கள். எதை எப்போது எடுப்பது என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லட்டும்.

தொடக்கத்தில் மூன்று நாலு வாரம் சிரமமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழைய பாக்கியும் இருக்கும், புதிதாக எடுத்து வைக்கவும் வேண்டும். அந்த வாரங்களில் முழுக் கால் பங்கு முடியாவிட்டால் பாதியாவது வையுங்கள், விட்டுவிட வேண்டாம்.

காங்கயம் தோட்டம் எழுதியது:

மொத்தமாக எடுப்பது பற்றி நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கக் கூடாது, எது எப்போது விளைந்து வருகிறதோ அப்போது அதை வாங்க வேண்டும். எங்கள் ஊர்களில் அந்தக் காலம் முதல் வருஷச் சாமான் எடுப்பது அப்படித்தான். புதுப் புளி மாசி, பங்குனியில் வரும், கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த புளி வரும் வரைக்கும் கெடாது. மிளகாயும் மல்லியும் வெயில் காலத்தில் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் ஈரோடு பக்கத்திலேயே விளைகிறது, கிழங்காக வாங்கிச் சேர்த்து அரைக்கலாம். பத்து ரூபாய்ப் பாக்கெட் மிளகாய்த்தூளைக் கிலோ கணக்கில் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஷாம்பு மட்டும் இதற்கு மாறு, அதில் பல நேரம் சின்னப் பாக்கெட்டுதான் மலிவு, மில்லி கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

காய்க்குத் தெருவில் வரும் வண்டியை நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உழவர் சந்தைக்குப் போய்விடுங்கள். திருப்பூரில் தெற்கு உழவர் சந்தை பல்லடம் ரோட்டில் இருக்கிறது, வடக்கே புது பஸ் நிலையம் பக்கம் ஒன்று இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், எடையில் ஏமாற்று இருக்காது. நான் விவசாயியாகச் சொல்கிறேன், நாங்கள் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக விரும்ப மாட்டோம், கூட்டம் கலையும் நேரத்தில் தக்காளியும் கீரையும் இன்னும் இறங்கும். சின்ன வெங்காயம் மலிந்திருக்கும்போது தாளோடு வாங்கிக் கட்டாகக் கட்டிக் காற்றாடத் தொங்கவிட்டால் அழுகாது.

பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. வியாழன், வெள்ளிக்கு எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் செய்யுங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, மிளகு சீரகம் எல்லாம் ஒரே குக்கரில், ஒரே அடுப்பில் முடிந்துவிடும், கேஸும் மிச்சம், தனியாகக் குழம்பு வேண்டாம், ஒரு சொட்டு நெய் விட்டால் பிள்ளைகள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கும். கொள்ளு வாங்கிப் போடுங்கள், விலை குறைவு, சத்து அதிகம். இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும், வெந்த தண்ணீரை இறுத்து ரசம், கொள்ளைக் கடைந்து சாதத்துக்கு, ஒரே வேகவைப்பில் இரண்டு வேலை முடியும்.

ஈரோடு வயர்மேன் எழுதியது:

யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் ஓடும், அதே நேரத்துக்கு 22 யூனிட் கூட ஆகாது. உங்கள் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 250 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஃபேன் விலை இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். வாடகை வீட்டுக்கு எதற்குச் செலவு செய்வது என்று யோசிக்க வேண்டாம், பழைய ஃபேனைக் கழற்றி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு, காலி பண்ணும்போது உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

ஃபிரிட்ஜ் இருந்தால் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தாள் சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம், எதுவும் போடாமல் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு உங்கள் மீட்டரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். லைன் வீடுகளில் பொது மோட்டாரோ வாசல் லைட்டோ ஒரு வீட்டு மீட்டரில் மாட்டியிருப்பதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். ஓடுகிறது என்றால் நேராகப் போய்க் கேளுங்கள்.

சொந்த மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கும் 4.50. அதாவது 501-வது யூனிட் ஓடியதும் அதன் விலை போக 225 ரூபாய் கூடிவிடும். அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனால் 500-க்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

சிங்காநல்லூர் எழுதியது:

டீயில் கைவைக்காதீர்கள் சகோதரி. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் உட்காரும் நேரம், கூட வேலை செய்பவர்களோடு நாலு வார்த்தை பேசும் நேரமும் அதுதான். வடைக்குப் பதிலாக வீட்டிலிருந்து கடலை வறுத்து, இல்லையென்றால் சுண்டல் கொண்டுபோனால் பாதிச் செலவு குறையும், டீ இருக்கட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன், ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது? தேனியில் இருக்கிறது என்று நினைத்து வாங்காமல் இருக்கிறீர்களா? 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய் என்றால் வெளிக்கடையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும், அரிசிக்குக் காசே இல்லை. வெளியூர் கார்டு என்று ஒரு கடையில் முகம் சுளித்தால் மாதக் கடைசிக்குப் போகாமல் நடுவில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், இது அவர்கள் கொடுக்கும் தயவு அல்ல, உங்கள் பங்கு.

இன்னொன்று, உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். காய்ச்சல், பிரசவம் எல்லாம் அதில் அடங்கும், வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். வாரச் சம்பளக் குடும்பத்தை ஒரே வாரத்தில் கவிழ்ப்பது ஆஸ்பத்திரிச் செலவுதான், அதனால்தான் இதை மளிகையைவிட முக்கியமாகச் சொல்கிறேன்.

பெருந்துறை எழுதியது:

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கையில் ஆயிரம் சேர்ந்தது தெரிந்ததும் பலகாரச் சீட்டு, நகைச் சீட்டு என்று பக்கத்து லைனிலிருந்தே ஆள் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் 2012-இல் ஈமு கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் தருவதாகச் சொன்ன கம்பெனிகளில் பணம் போட்டு ஏமாந்து நின்றவர்களை நேரில் பார்த்தவன் நான், நிலத்தை அடமானம் வைத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். மாதா மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம். போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. என்கிற மாதத் தவணைச் சேமிப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருஷம், நடுவில் அவசரம் என்றால் 12 தவணை கட்டிய பிறகு சேர்ந்ததில் பாதி வரை கடன் எடுக்கலாம். ஐந்தாவது சனிக்கிழமைக் கணக்கு சொன்ன அக்காவின் யோசனையோடு இது நன்றாகப் பொருந்தும்.

வேலம்பாளையம் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரேஷன் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஊருக்குப் போகும்போது மட்டும் மாமியார் வாங்கி வைத்ததைக் கொண்டுவருவோம். இந்த வாரமே போகிறேன். இவரிடம் 52 சனிக்கிழமைக் கணக்கைச் சொன்னேன், காலண்டரைக் கையில் எடுத்துவிட்டார். காங்கயம் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். பருப்பு மொத்தமாக வாங்கினால் வண்டு விழுகிறது, லைன் வீட்டில் காயவைக்க மொட்டைமாடி கிடையாது, வாசலில்தான் இரண்டு மணி நேரம் வெயில் வரும். என்ன செய்வது?

காங்கயம் தோட்டம் எழுதியது:

இரண்டு மணி நேரம் போதும் அம்மா, வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளாகப் பார்த்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காட்டுங்கள், மெல்லிசாகப் பரப்ப வேண்டும், குவித்து வைத்தால் அடியில் காயாது. காய்ந்ததும் சூடு ஆறவிட்டு, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெயைக் கையில் ஊற்றி இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு பருப்பைப் பிசறுங்கள். ஒவ்வொரு பருப்பிலும் லேசாக மினுமினுப்பு ஏறும் வரை பிசற வேண்டும், எண்ணெய் சொட்டக் கூடாது. அப்புறம் ஈரமில்லாத எவர்சில்வர் டின்னில் இறுக மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும், அதனால்தான் பலருக்கும் வண்டு விழுகிறது. சமைக்கும்போது வெந்நீரில் ஒருமுறை கழுவினால் எண்ணெய் வாடை போய்விடும். அரிசிக்கு எண்ணெய் வேண்டாம், நாலு வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், பிள்ளைகள் எடுத்து வாயில் வைக்காமல் துணியில் முடிந்து போடுங்கள். முதல் தடவை ஐந்து கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள், புதுத் துவரை தை கடைசியில் வரும், அதுவரை ரேஷன் பருப்பே உங்களுக்குக் கை கொடுக்கும்.