கொக்குவில் அம்மம்மா வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு)

ரமணன்: அம்மம்மாவின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு 50 கிலோ கீரி சம்பா அரிசி வேண்டும். நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன். எங்கேயும் இல்லையாம்.

சின்னம்மா: இல்லையா, தரமாட்டார்களா?

ரமணன்: ஒரு கடையில் 5 கிலோ இருக்கிறது. பருப்பும் சீனியும் சேர்த்து வாங்கினால்தான் தருவாராம். பில் கிடையாது.

பெரிய மாமா: கடைக்காரரை ஏசிப் பிரயோசனம் இல்லை. 2024 டிசம்பரில் போட்ட கட்டுப்பாட்டு விலைப்படி ஒரு கிலோ கீரி சம்பா மொத்தத்துக்கு 255 ரூபா, சில்லறைக்கு 260. இடையில் 5 ரூபாதான். பொலன்னறுவை அரிசி ஆலையிலிருந்து லொறிக்கூலி, பைக்காசு, சிந்துவது சிதறுவது எல்லாம் அதற்குள். கூட்டி விற்றுப் பிடிபட்டால் தண்டம் குறைந்தது ஒரு லட்சம். நீ என்றால் வாங்கி அடுக்குவாயா?

தர்சி: மாமா தொடங்கிவிட்டார்

கனடா மாமா: 300 என்றாலும் வாங்குங்கள். காசு நான் அனுப்புகிறேன்.

சின்னம்மா: எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் இப்படித்தான் சொன்னாய் தம்பி

கனடா மாமா: அனுப்பினேனே அக்கா

சின்னம்மா: பாதி

பெரிய மாமா: அதைத்தான் சொல்ல வருகிறேன். 300 கொடுக்க நமக்குக் கனடா இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவனுக்கு? அவனுக்காகத்தானே விலையைக் கட்டினார்கள்! 2021 செப்டெம்பரிலும் நாட்டரிசி கிலோ 98 ரூபா என்று அரசாங்க வர்த்தமானி வந்தது. மாதம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். உடனே ஆலைக்காரர் 115 என்றார்கள்.

தர்சி: கட்டாமல் விட்டாலும் ஆலைக்காரர் சொன்னதுதானே விலை?

பெரிய மாமா: அதுவும் சரிதான். அறுவடையின்போதே அரசாங்கம் நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தால் அவர்களை மடக்கலாம். வெறும் வர்த்தமானியைக் காட்டினால் நெல்லைப் பூட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் சம்பாவைக் கலந்து கீரி சம்பா என்று விற்பார்கள்.

சின்னம்மா: சோறு வடிக்கிற பெரிய கிடாரம் யார் வீட்டில்?

சின்னம்மா: அப்பாவின் திவசத்துக்கு எடுத்தது திரும்பி வரவில்லை

பெரிய மாமா: என்னிடம் இல்லை

தர்சி: இதற்கு மட்டும் ஒரே வரி

ரமணன்: மரக்கறிச் சாப்பாடுதானே, சாதாரண சம்பா போதும் என்கிறார் சமையல்காரர்.

சின்னம்மா: படையலுக்காவது கீரி சம்பா வேண்டும். அம்மா வேறு சோறு தொடமாட்டா.

கனடா மாமா: இங்கே தமிழ்க்கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது

தர்சி: கொண்டு வாருங்கள் மாமா

ரமணன்: அந்த 5 கிலோவை எடுக்கவா? நாளைக் காலை வரைதான் வைத்திருப்பாராம்.

பெரிய மாமா: பருப்புக்கு என்ன விலை போடுகிறார் என்று முதலில் கேள்

சின்னம்மா: அண்ணா, கிடாரம்?