ஆடிக் காற்றும் கிரவுட் பூச்சும்: கண்ணாடித் தொட்டிக்குச் செயற்கைப் பாறை செய்தவர்களின் அனுபவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து:

எங்கள் தோட்டத்துக் கிணற்றின் உட்சுவரில், பாறை வெடிப்புகளிலிருந்து பெரணிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் ஒரு துண்டையாவது வீட்டில் செடி வளர்க்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசையில், சென்ற ஆடி மாதம் தெர்மாகோலைச் செதுக்கி, டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் சிமெண்ட் கிரவுட்டை அதன்மேல் பூசத் தொடங்கினேன்.

செதுக்குவது எளிது. ரப்பர்ப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் பலகைகளை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். கத்தியால் வெட்டிய பின் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன்.

பதம் பார்த்துக் கலப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. முதல் பூச்சு, குழிகளுக்குள் ஓடிப் பிடிக்கும்படி, தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும். அடுத்த பூச்சுகளுக்கு இட்லி மாவுப் பதம் போதும். தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டு, மறுபடியும் கலக்க வேண்டும். அப்போது கெட்டியாகத் தெரிகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் பூச்சு வலுவிழந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தேன். ஆனால் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில் இரண்டு மணி நேரத்திலேயே பூச்சு வெளுத்து உலர்ந்துவிட்டது. மகிழ்ச்சியோடு கட்டைவிரலால் தடவினேன். திருநீறு போல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. விளிம்புகளில் மயிரிழை வெடிப்புகள். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, சிமெண்ட்டுக்குத் தண்ணி காட்டாமக் காய வெச்சா எப்படீங்க நிக்கும்?” என்றார். சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு நிகழும் வேதிவினையால். அது முடியும் முன்பே காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டால் மிஞ்சுவது தூள்தான்.

உதிர்ந்ததையெல்லாம் தேய்த்து நீக்கி, ஈரப்படுத்தி, அறைக்குள் வைத்து மீண்டும் பூசினேன். பூச்சு சற்று இறுகியதும் தண்ணீர் தெளித்து, மேலே படாதவாறு பாலித்தீன் தாளால் மூடிவைத்தேன். ஒரு நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று பூச்சு. அதன்பின் மூன்று நாள், வேளைக்கு ஒரு முறை தெளிப்பு. இப்போது நகத்தால் தட்டினால் கூரை ஓட்டின்மேல் தட்டுவது போல் ஒலிக்கிறது; விரலில் ஒரு துகளும் ஒட்டுவதில்லை.

திருப்பூரிலிருந்து:

ஈரம் காத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது என்பதை நான் பாசியை இழந்துதான் தெரிந்துகொண்டேன். புதிய சிமெண்ட்டிலிருந்து கசியும் நீர் கடுமையான காரத்தன்மை உடையது. நான் அவசரப்பட்டு நட்ட பாசி பத்தே நாளில் பழுப்பேறிக் கருகியது. அடுத்த முறை பாறையை முழுவதுமாக ஒரு தொட்டி நீரில் அமிழ்த்தினேன். உள்ளே தெர்மாகோல் இருப்பதால் அது மிதந்துகொண்டே இருந்தது. ஆட்டுக்கல் குழவியை மேலே வைத்துத்தான் நிறுத்த முடிந்தது. தினமும் தண்ணீரை மாற்றி, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகாத நாள் வரை காத்திருந்தேன். எனக்கு அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இன்று அந்தப் பாறையில் பாசி தானாகவே பரவுகிறது.

ஈரோட்டிலிருந்து:

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடைசிப் பூச்சில் ஆக்சைடு தூளைக் கலந்து, பிய்த்த ஸ்பாஞ்சால் ஒற்றினால் தூரிகைக் கோடுகள் விழாது. காய்ந்தால் நிறம் வெளுக்கும் என்பதால், முதலில் ஒரு தெர்மாகோல் துண்டில் பூசி உலர்த்திப் பார்த்துவிடுங்கள். ஒற்றும்போது கையுறை கட்டாயம் வேண்டும். வெறும் கையால் ஒரு மாலை முழுவதும் வேலை செய்த எனக்கு விரல் நுனிகள் வெடித்து, ஆறுவதற்கு ஒரு வாரம் ஆனது.