ஸ்கிராபிள்: உருப்போட்ட சொல் எதுவும் ஆட்டத்தில் நினைவுக்கு வரவில்லை, எங்கே தப்பு?

சொல்தேடி:
வணக்கம். ஆங்கில எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளுக்காக, செல்லும் சொற்களின் பட்டியலை வைத்து இரண்டு மாதமாக உருப்போடுகிறேன். இரண்டெழுத்துச் சொற்கள் 127-ஐயும் ஏ-யில் தொடங்கி இசட் வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மூன்றெழுத்தில் எஃப் வரை வந்தாயிற்று. ஆனால் ஆட உட்கார்ந்தால் மண்டை காலி.

பிரச்சினை இரண்டு. இசட்-ஓ, ஜே-ஏ, சி-ஹெச் மூன்றும் என் பட்டியலில் இருக்கின்றன. நான் ஆடும் ஆப் மூன்றையும் செல்லாது என்கிறது. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் அதே கதை.

அடுத்தது, நேற்று கையில் வந்தவை ஓ, டி, சி, ஆர், ஹெச், ஓ, இ. (டைகர் டி. டாக் டி வந்தால் சொல்லிவிடுகிறேன்.) வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு 'டார்ச்' வைத்தேன். ஏழையும் இறக்க வழி இருந்தது என்று ஆப் பிறகு காட்டுகிறது. என்ன சொல் என்று கேட்டால் காசு கட்டச் சொல்கிறது. யாருக்காவது தெரிகிறதா?

ஏழுடைல்:
ஆப் சரியாகத்தான் இருக்கிறது, பட்டியல்தான் வேறு. 127 என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது, அது பிரிட்டன் போன்ற இடங்களில் ஆடும் காலின்ஸ் அகராதிப் பட்டியல். அமெரிக்கா, கனடாவில் ஆடும் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 107தான். நீங்கள் சொன்ன மூன்றும் காலின்ஸில் மட்டும் செல்லும். ஆட்டம் தொடங்கும்போது டிக்ஷ்னரி எது என்று கேட்கிறதா பாருங்கள். கேட்டால் மாற்றுங்கள். கேட்காவிட்டால் அந்த ஆப்பில் அமெரிக்கப் பட்டியலோடுதான் வாழ வேண்டும்.

நாம் நாள் முழுக்கச் சொல்லும் 'ஓகே'கூட அமெரிக்கப் பட்டியலில் 2018-ல்தான் ஏறியது, காலின்ஸில் 2019-ல். அதனால் பழைய பட்டியல் எதையும் நம்பாதீர்கள்.

வெற்றுப்பலகை:
உங்கள் ஏழெழுத்தை அகர வரிசையில் அடுக்குங்கள்: சி, இ, ஹெச், ஓ, ஓ, ஆர், டி. இதைத்தான் ஆல்ஃபாகிராம் என்பார்கள். விடை 'செரூட்'. நம்ம சுருட்டுதான், இங்கிலீஷுக்குப் போய் அப்படி ஆகிவிட்டது! ஏழையும் ஒரேயடியாக வைத்தால் கிடைக்கும் 50 புள்ளி போனஸைக் கோட்டை விட்டுவிட்டீர்களே.

நீங்கள் படிக்கும் முறையே தலைகீழ். பட்டியலில் சொல் முழுசாக எதிரே இருக்கிறது, ஒப்பிக்கிறீர்கள். ஆட்டத்தில் கிடைப்பது கலைந்த எழுத்து. அட்டையின் முன்பக்கம் ஆல்ஃபாகிராம், பின்பக்கம் சொல் என்று எழுதிப் பழகுங்கள். ஒவ்வொரு முறை டைல் எடுத்ததும் கையால் அகர வரிசையில் நகர்த்தி வையுங்கள். கண் அந்த வரிசைக்குப் பழகிவிடும்.

ஸிஸிவா என்று ஒரு மென்பொருள் உண்டு, நீளத்தையும் எழுத்தையும் சொன்னால் பிரித்துக் கொடுத்துக் கேள்வியும் கேட்கும். அந்தப் பெயரே செல்லும் சொல்தான், ஒரு வண்டினம். மூன்று இசட் வேண்டும். 100 டைலில் இசட் ஒன்றே ஒன்று, ஆக எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல், அதாவது பிளாங்க், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் வைக்க முடியும். ஆசைப்படாதீர்கள்.

சொல்தேடி:
சுருட்டா! அய்யோ. சரி, மூன்றெழுத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் அட்டை எழுதவா?

வெற்றுப்பலகை:
வேண்டாம். எது உங்களைச் சிக்க வைக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு முதல் எதிரி யூ இல்லாத க்யூ. கடைசியில் கையில் தங்கினால் நமக்கு 10 புள்ளி போகும், ஆடி முடித்த எதிராளிக்கு 10 ஏறும். க்யூவும் ஐ எழுத்தும் சேர்ந்த 'க்யூ-ஐ' இரண்டெழுத்துச் சொல், அது போதும் பாதி ஆட்டத்துக்கு. நீளமாக வேண்டுமென்றால் எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர், அதாவது நம் பக்கீர்.

உயிரெழுத்தே வராத நாளுக்கு சி-டபிள்யூ-எம். வெல்ஷ் சொல், உச்சரிப்பு 'கூம்', மலையில் கிண்ணம்போலக் குடைந்த பள்ளம். உயிரெழுத்தாகக் கொட்டினால் 'ஆடியோ', 'அடியூ' (இதோ டாக் டி வந்துவிட்டது), இல்லையா, ஏ-ஏ-எல்-ஐ-ஐ.

ஏழெழுத்துக்கு 'ரெட்டினா' ஆறெழுத்தையும் கெட்டியாகப் பிடியுங்கள். ஆறுமே பையில் நிறைய இருப்பவை, இ மட்டும் 12. ஏழாவதாக ஜி வந்தால் கிரானைட், கே வந்தால் கெரட்டின், எல் வந்தால் லேட்ரின், ஐ வந்தால் இனர்ஷியா, யூ வந்தால் யூரினேட். இப்படி இன்னும் பத்துக்கு மேல் தேறும்.

அரைப்புள்ளி:
குறுக்கே வருகிறேன். அர்த்தம் தெரியாமல் உருப்போடுவது வீண். அர்த்தம் இருந்தால்தான் நிற்கும்.

ஏழுடைல்:
நைஜல் ரிச்சர்ட்ஸிடம் போய்ச் சொல்லுங்கள் அண்ணே. நியூசிலாந்துக்காரர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வாங்கினார். 2024-ல் ஸ்பானிஷிலும்.

அரைப்புள்ளி:
அவர் கதை வேறு தம்பி, நாம் நைஜல் இல்லையே. அந்தக் 'கூம்' எனக்குப் பள்ளம் என்று தெரிந்த பிறகுதான் நின்றது. க்யூ-ஐ-க்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டெழுத்தை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள் சொல்தேடி. முன்னால் என்ன ஒட்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். போர்டில் ஓ-எக்ஸ் கிடந்தால் முன்னால் எஃப், எல், வி மூன்றும் ஒட்டும். எட்டுப் புள்ளி எக்ஸை எதிராளி வைத்திருப்பார், நீங்கள் ஒரு டைலை ஒட்டி அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

சொல்தேடி:
பத்து நாள் கழித்து வருகிறேன். டிக்ஷ்னரியை மாற்றினேன், இசட்-ஓ செல்கிறது. நேற்று நேரில் ஆடியபோது சி-டபிள்யூ-எம் வைத்தேன், அப்படி ஒரு சொல்லே இல்லை என்று எதிராளி சிரித்துக்கொண்டே சேலஞ்ச் செய்தார், பிறகு சிரிக்கவில்லை. ஆனால் தோற்றுவிட்டேன். வி ஒன்று கடைசிவரை நகரவே இல்லை. வி-க்கு இரண்டெழுத்துச் சொல் எது? அட்டைகளில் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

வெற்றுப்பலகை:
இல்லை. 107-லும் இல்லை, 127-லும் இல்லை. வி வந்த கையோடு தள்ளிவிடுங்கள், வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சொல்தேடி:
127-ஐயும் ஒப்பிப்பேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். அதில் வி வரவே இல்லை என்பதை இன்றுதான் கவனிக்கிறேன்.