பல்ஸ் தெரபிக்கு ‘நாடி’ வேண்டாமே

புழுவெட்டு (திட்டுத்திட்டாக முடி கொட்டும் நோய்) போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்தை விட்டுவிட்டுத் தரும் முறையை ஆங்கிலத்தில் ‘பல்ஸ் தெரபி’ (pulse therapy) என்கிறார்கள். அதைத் தமிழில் ‘நாடி சிகிச்சை’ எனலாம் என்ற பரிந்துரைக்கு என் ஓட்டு இல்லை. படிப்பவர், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ‘துடிப்பு’ என்றால் நினைப்பு இதயத்துக்குப் போய்விடும்.

மருத்துவர்கள் இதில் என்ன செய்கிறார்கள்? புழுவெட்டில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நோயை எதிர்க்க வேண்டிய, உடலின் சொந்த வெள்ளையணுக்களான டி அணுக்களே மயிர்க்காலின் அடிக்குமிழைத் தேனீக் கூட்டம்போல் மொய்த்துத் தாக்குகின்றன. மயிர்க்கால் செத்துவிடுவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. சின்ன வட்டம் என்றால் அந்த இடத்திலேயே 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. தலை முழுக்கப் போய், புருவமும் இமைமயிரும் கொட்டியவருக்கு எத்தனை இடத்தில்தான் குத்துவது? அங்கேதான் பல்ஸ் வருகிறது. மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் 3 நாள் தொடர்ந்து ரத்தநாளம் வழியே ஏற்றுவார்கள். அப்புறம் சில வாரம் ஒன்றும் கிடையாது. மறுபடி 3 நாள். தினமும் மாத்திரை விழுங்கினால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. நிறுத்தியபின் முடி மீண்டும் உதிர்வதும் உண்டு என்பதால் ‘தீர்வு’ என்ற சொல் இதன் பக்கம் வரவே வேண்டாம்.

ஸ்டீராய்டை ‘ஊக்கமருந்து’ ஆக்குவதும் தப்பு. அது தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் வகை. இது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியின் ஹார்மோனைச் சேர்ந்தது. நாள்பட எடுத்தால் தசையைக் கரைக்கும். ‘புறணி ஸ்டீராய்டு’ போதும்.

பல்ஸ் தெரபிக்கு நானும் முதலில் ‘பெருந்தவணை’ என்றுதான் எழுதி வைத்தேன். தடுப்பூசி புண்ணியத்தில் ‘தவணை’ எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் வாரத்தில் 2 நாள் மட்டும் மாத்திரை தரும் ‘மினி பல்ஸ்’ ஒன்று இருக்கிறதே, அதை ‘சிறு பெருந்தவணை’ என்பதா? சிரிப்பார்கள். ஆக, சொல்லில் நிற்க வேண்டியது அளவு அல்ல, இடைவெளி. ‘விடுதவணை’ காதுக்கு நன்றாக இருக்கிறது, விடுமுறை மாதிரி. ஆனால் நோயாளி அதை மருந்து போட மறந்த நாள் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

அதனால் ‘கொத்துத் தவணை’. நாட்கள் கொத்தாக வருகின்றன, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வெற்றிடம். மினி பல்ஸ் ‘சிறுகொத்துத் தவணை’ ஆகிவிடும். கொத்துக்குண்டு நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள். சாவிக்கொத்தும் பூங்கொத்தும் அதே சொல்தானே.