மரத்துப்போன கைதான் வலிக்கிறது

தொழுநோய்க்கான 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையை முடித்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றையும் ஒருவேளை விடாமல் சாப்பிட்டேன். நோய் குணமானது. வலி வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து.

முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று ஷாக் அடித்ததுபோல் ஓடும். ராத்திரியில் இன்னும் மோசம். சட்டைக் கை உரசினாலே முன்கை எரியும். ஆனால் அதே கையின் சுண்டுவிரல் சூட்டில் பொத்துப்போனது மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "உணர்ச்சியே இல்லாத இடம் எப்படி வலிக்கும்?" என்று வீட்டில் கேட்டார்கள். முதலில் பார்த்த மருத்துவரும் அதையேதான் கேட்டார். நோய் திரும்பிவிட்டதோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பார்த்த டாக்டரம்மா முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை மெதுவாக உருட்டிப் பார்த்தார். கயிறுபோல் தடித்திருந்தது. பஞ்சால் தொட்டார், விரல்களை விரிக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார். எரிகிறதா, ஊசி குத்துகிறதா, அரிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒருவர் அப்படிக் கேட்டதே எனக்குப் பாதி ஆறுதல்.

கிருமி செத்தாலும் அது கெடுத்த நரம்பு பல நேரம் முழுசாகச் சரியாவதில்லையாம். தொட்டால் சேதி மேலே போகாது. தொடாதபோது அதுவாகவே வலியென்று மூளைக்குச் சேதி அனுப்பும். நோய் திரும்பவில்லை என்று அவர் சொன்னதும் அழுதுவிட்டேன்.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் என்ற நரம்புவலி மாத்திரையைக் கொஞ்சமாக ஆரம்பித்தார். வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது. மூன்றாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்குகிறேன்.

ஒன்றை மட்டும் எல்லாரும் கவனியுங்கள். நரம்பைத் தொட்டாலே புதிதாக வலித்தால், விரல் மடங்கினால், பாதம் தொங்கினால், தேமல் சிவந்து வீங்கினால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி பொங்கி நரம்பையும் தோலையும் வீங்கவைக்கும் ரியாக்‌ஷனாக இருக்கலாம். மருந்து முடிந்து வருடங்கள் ஆன பிறகும் வரும். அதற்கு உடனே ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும். தள்ளிப்போட்டால் கை காலின் பலம் போய்விடும். பழைய வலிதானே என்று நீங்களே முடிவுகட்டாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.