பதவி உயர்வை மறுப்பது தோல்வியா?

கேள்வி:

நான் பணிபுரியும் நிறுவனத்தில் துறைத் தலைவர் பொறுப்பு என்னைத் தேடி வந்தது. புதியவர்களுக்குப் பயிற்சியளிக்கும் இப்போதைய வேலையே மனநிறைவு தருவதாலும், மாலை நேரம் வீட்டாருக்கென்று மிஞ்சுவதாலும், நன்கு யோசித்த பின்னரே அதை வேண்டாமென்று சொன்னேன். எனக்கு வருத்தமில்லை, என் அண்ணன்தான், "தேடி வந்ததைத் தட்டிவிட்டாயே" என்று மனம் நொந்துபோனார். வெற்றி எது என்பதை அவரவர் மனம் தீர்மானிக்கிறதா, அல்லது சமூகம் கையில் வைத்திருக்கும் அளவுகோல்தான் தீர்மானிக்கிறதா?

மறுமொழி 1:

சமூகத்தின் பங்கே பெரிது என்பது என் கருத்து. கனடாவின் பசிபிக் கரையோரப் பழங்குடியினரிடையே 'பாட்லாட்ச்' என்றொரு விழா உண்டு. அதில் தலைவர் தாம் சேர்த்து வைத்த போர்வைகளையும் பிற பொருள்களையும் வந்திருப்போருக்கு வாரி வழங்குவார். எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதல்ல, எவ்வளவு கொடுத்தார் என்பதே அவருடைய மதிப்பை உயர்த்தும். பரிசு பெறுவோர் வெறும் விருந்தினர் அல்லர். அவருடைய பட்டத்துக்கும் உரிமைகளுக்கும் அவர்களே சாட்சிகள். இதை வீண்செலவாகவே பார்த்த அரசு 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடை செய்திருந்தது. ஒரே செயல் ஒரு சாராருக்குப் பெருமையாகவும் மறுசாராருக்குக் குற்றமாகவும் தோன்றியதென்றால், அளவுகோல் தனிமனிதரின் மனத்தில் மட்டும் உருவாவதில்லை என்றுதானே பொருள்?

மறுமொழி 2:

மேற்கண்ட எடுத்துக்காட்டு அருமையானது. ஆயினும் கொடுப்பதற்கு முன் அந்தத் தலைவரும் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது. கடனும் வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது, பணத்தை வெற்றியாகக் கருதுவோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதேவேளை, பிற குறிக்கோள்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிப் பொருளீட்டலையே முதன்மையாகக் கொண்டவர்களிடம் மனநலம் குறைவாகக் காணப்பட்டது என்று உளவியலாளர்கள் டிம் காசரும் ரிச்சர்ட் ரையனும் 1993-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர். ஆகவே, தங்கள் வீட்டுச் செலவுக்கு இப்போதைய ஊதியம் போதுமா என்பதே முதல் கேள்வி. போதுமென்றால், தங்கள் முடிவில் பிழையேதும் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3:

எனக்கு அண்ணனின் வருத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. குடும்பமே கூடி உழைத்து ஒருவரைப் படிக்க வைக்கும் சமூகங்களில், அவர் அடையும் உயர்வு அவருக்கு மட்டும் உரியதன்று. அங்கே ஒருவர் பதவியை மறுக்கும்போது, அதற்காக முன்பே விலை கொடுத்த இன்னொருவர் ஏமாற்றமடையக்கூடும். தனிமனித விருப்பமே பெரிதென்று எண்ணுவோர் இதைத் தேவையற்ற தலையீடு என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தங்கள் படிப்புக்காக அவர் எதையேனும் விட்டுக்கொடுத்திருக்கிறாரா?

கேள்வி கேட்டவர்:

ஆம். அப்பா மறைந்தபோது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றவர் அவர். எனக்கு வரும் ஒவ்வோர் உயர்வையும் அவர் எல்லோரிடமும் சொல்லி மகிழ்வதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. ஊதியம் போதுமானதாகவே இருக்கிறது. முடிவையும் நான் மாற்றப்போவதில்லை. ஆனால் அவரிடம் என் விருப்பத்தை மட்டுமே விளக்கினேனே தவிர, அவர் இழந்ததைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. இந்த வாரம் நேரில் சென்று அதைப் பேசுவேன். என்னிடம் பயின்றவர்கள் இன்று எந்தெந்தப் பொறுப்புகளில் இருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லவிருக்கிறேன். அவர் அதை இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.